முளைப்பாரிக் கும்மி: கம்பம் பள்ளத்தாக்கின் வட்ட ஆட்டம்

முளைப்பாரிக் கும்மி என்பது அம்மன் கோவில் திருவிழாவுக்காக வளர்க்கப்படும் முளைப்பாரியை நடுவில் வைத்து, பெண்கள் வட்டமாகச் சுற்றி வந்து கைகொட்டிப் பாடி ஆடும் குழு ஆட்டமாகும். தேனி, மதுரை, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களில் இது பரவலாக வழங்கி வருகிறது. முளைக்கொட்டு, முளைப்பாட்டு என்னும் பெயர்களும் உண்டு. தேனி மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கில், கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் மாரியம்மன், காளியம்மன், பகவதியம்மன், முத்தாலம்மன் ஆகிய தெய்வங்களின் திருவிழாக்களோடு இந்த ஆட்டம் இணைந்துள்ளது.

இதற்குத் தனி மேடை இல்லை. தனி உடை இல்லை. இசைக்கருவியும் கட்டாயமில்லை. ஆடுபவரின் கைகளே தாளக்கருவி. அவர்களின் குரலே இசை. ஆடுவோர், பார்ப்போர் என்ற பிரிவும் இதில் உறுதியாக இல்லை. வட்டத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பெண் அடுத்த பாட்டில் உள்ளே நுழைந்து ஆடத் தொடங்கிவிடலாம்.

பெயர்

கும்மி என்ற சொல் 'கொம்மை' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பர். கொம்மை கொட்டுதல் என்றால் உள்ளங்கையைக் குவித்துத் தட்டுதல். 'கொம்மி' என்ற வடிவமும் வழக்கில் இருந்துள்ளது. இராமலிங்க வள்ளலார் தாம் இயற்றிய பாடல்களுக்குச் 'சண்முகர் கொம்மி', 'நடேசர் கொம்மி' என்று பெயரிட்டிருப்பது இதற்குச் சான்றாகும்.

முளைப்பாரி என்ற சொல் 'முளைப்பாலிகை' என்பதன் மரூஉ என்று கருதப்படுகிறது. பாலிகை என்பது வித்துகளை முளைக்கவிடும் மண்கலம். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில், கோவலன் கண்ணகி திருமணத்தின்போது முளைப்பாலிகை ஏந்திய பெண்கள் வருகின்றனர். மணிமேகலையில் இந்திர விழாவுக்காக நகரை அணிசெய்யும்போது பாலிகைகளும் வைக்கப்படுகின்றன. ஆகவே மங்கல நிகழ்வுக்கு முளைவிட்ட தானியத்தைச் சுமந்து செல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருவது தெளிவாகிறது. பெருங்கோவில் திருவிழாக்களின் தொடக்கத்தில் நடைபெறும் அங்குரார்ப்பணம் என்ற சடங்கும் பாலிகையில் வித்திடுவதே ஆகும். கோவிலில் அர்ச்சகர் செய்வதை ஊர்த் திருவிழாவில் பெண்கள் தாமே செய்கின்றனர்.

வட்ட ஆட்டத்தின் பழமை

தமிழில் வட்ட ஆட்டத்துக்குக் கிடைக்கும் பழைய பெயர் குரவை. தொல்காப்பியம் வாகைத் திணையில் முன்தேர்க் குரவை, பின்தேர்க் குரவை என இரண்டைக் குறிப்பிடுகிறது. இவை போர்க்களத்தோடு தொடர்புடையவை. ஊர் மக்கள் ஆடும் குரவையை விரிவாகக் காட்டும் நூல் சிலப்பதிகாரம். அதில் இரண்டு குரவைகள் வருகின்றன.

முதலாவது மதுரைக் காண்டத்தில் வரும் ஆய்ச்சியர் குரவை. மதுரைக்கு வெளியே உள்ள ஆயர் குடியிருப்பில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்களில் நீர் வழிகிறது. தீங்கு வரப்போகிறது என்று அஞ்சிய மாதரி, ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு இசைச் சுரங்களின் பெயரை அவர்களுக்கு இட்டுக் குரவை ஆடச் செய்கிறாள். இரண்டாவது வஞ்சிக் காண்டத்தின் தொடக்கமாக அமைந்த குன்றக்குரவை. வேங்கை மரத்தடியில் நின்ற கண்ணகி விண்ணுலகு செல்வதைக் கண்ட குறவர் மக்கள் அவளைத் தெய்வமாகக் கொண்டு குரவை ஆடுகின்றனர்.

கம்பம் பகுதி மக்களுக்கு இரண்டாவது குரவை நெருக்கமானது. கூடலூருக்கு மேலே, தமிழ்நாடு கேரள எல்லையில் உள்ள மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோவில் அமைந்துள்ளது. இதுவே சிலப்பதிகாரம் கூறும் கண்ணகி கோட்டம் என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963-இல் அறிவித்தார். கண்ணகி கோட்டம் கொடுங்கல்லூரில் இருந்தது என்று கருதும் அறிஞர்களும் உள்ளனர். ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் மக்கள் வழிபட இக்கோவில் திறக்கப்படுகிறது. பளியன்குடி வழியாக நடந்தும் குமுளி வழியாக வண்டியிலும் மக்கள் மலையேறுகின்றனர்.

குரவையே கும்மியாக மாறியது என்று நேரடியாக நிறுவ ஆவணம் இல்லை. ஆயினும் இரண்டுக்கும் பொதுவான கூறுகள் பல. வட்டமாக நிற்றல், பெண்கள் முதன்மை பெறுதல், பாடிக்கொண்டே ஆடுதல், தெய்வத்தை முன்னிறுத்தல், ஊருக்கு வரக்கூடிய தீங்கை விலக்கவோ வந்த நன்மையைக் கொண்டாடவோ ஆடுதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. வேறுபாடும் உண்டு. குரவையில் கைகோத்து ஆடுவர். கும்மியில் கைகளை விடுத்துக் கொட்டி ஆடுவர். கும்மியின் இடையிலும் முடிவிலும் பெண்கள் நாவை அசைத்து எழுப்பும் ஒலியைக் குலவை என்பர். சில ஊர்களில் இதைக் 'குரவை இடுதல்' என்றே சொல்கின்றனர்.

கம்பம் பள்ளத்தாக்கு

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைக்கும் இடைப்பட்ட வயல்நிலம். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து வரும் நீர் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலத்துக்குப் பாய்கிறது. நெல்லோடு வாழை, தென்னை, பன்னீர்த் திராட்சை ஆகியவையும் இங்கு விளைகின்றன. கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.

முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் மாதத்தில் தண்ணீர் திறக்கப்படும். அதற்கு முந்தைய சித்திரை, வைகாசி மாதங்களில் வயல் வேலை குறைவு. வெயில் மிகுதி. அம்மை முதலிய வெப்ப நோய்கள் வரும் காலம் என்று மக்கள் அஞ்சிய பருவமும் இதுவே. இப்பகுதியின் பெரிய அம்மன் திருவிழாக்கள் இந்த இடைவெளியில் அமைந்துள்ளன. வீரபாண்டி கௌமாரியம்மன் கோவிலின் சித்திரைத் திருவிழாவுக்கு முன்பு அத்தி மரத்தின் முக்கொம்பைக் கம்பமாக நட்டு, முல்லையாற்று நீரை எடுத்து வந்து மக்கள் அதன்மேல் ஊற்றுவர். விதைப்புக்கு முன் தெய்வத்தைக் குளிர்வித்து மழையையும் நலத்தையும் வேண்டும் இந்த மனநிலையே முளைப்பாரிக்கும் அடிப்படை. ஆடி, புரட்டாசி, பங்குனி மாதங்களில் முளைப்பாரி எடுக்கும் ஊர்களும் உண்டு.

முளை போடுதல்

ஊர் கூடித் திருவிழா நாளைக் குறித்த பின் சாமி சாட்டப்படும். காப்புக் கட்டியதும் முளை போடும் வேலை தொடங்கும். மண்சட்டி, ஓலைப்பெட்டி, தட்டு போன்ற ஏதேனும் ஒரு கலத்தில் வைக்கோல், மண், தூளாக்கிய காய்ந்த சாணம் ஆகியவற்றைப் பரப்புவர். அதன்மேல் முன்னிரவே ஊறவைத்த தானியங்களைத் தூவுவர். நவதானியம் என்பது பொது வழக்கு. நடைமுறையில் தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, அவரை போன்ற பயறு வகைகள் மிகுதியாக இடம்பெறும். இவை விரைவாகவும் உயரமாகவும் முளைப்பதே காரணம். சில ஊர்களில் இந்த வித்துகளை 'முத்து' என்று அழைப்பர்.

வித்திட்ட கலங்களை வெளிச்சம் புகாத ஓர் அறையில் வரிசையாக வைப்பர். சில ஊர்களில் இதற்கெனத் தனி வீடு இருக்கும். பொறுப்பேற்ற பெண் விரதம் இருந்து நாள்தோறும் தண்ணீர் தெளிப்பார். ஏழு முதல் பத்து நாள்களில் முளைகள் ஒரு முழம் வரை உயர்ந்துவிடும். அவற்றின் நிறம் வெளிர் மஞ்சளாக இருக்கும்.

இதற்குத் தாவரவியல் விளக்கம் எளிது. இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையம் உருவாக ஒளி தேவை. இருட்டில் வளரும் முளையில் பச்சையம் உருவாவதில்லை. மண்ணுக்கு அடியில் இருப்பதுபோல உணரும் அந்த முளை, ஒளியை எட்டுவதற்காக விதையில் சேர்ந்திருக்கும் உணவு முழுவதையும் செலவிட்டுத் தண்டை நீட்டிக்கொண்டே போகும். அதனால்தான் வெயிலில் பத்து நாளில் வளர்வதைவிட இருட்டறையில் அது மிக உயரமாக வளர்கிறது. பழுதான விதை முளைக்காது; முளைத்தாலும் குட்டையாக நிற்கும். எனவே, விதைப்புக்கு முன் விதையின் தரத்தைச் சோதித்துப் பார்க்கும் முறையாகவும் முளைப்பாரி பயன்பட்டிருக்க வேண்டும் என்று பலரும் விளக்குகின்றனர். முளை நன்றாக வந்தால் அந்த ஆண்டு வெள்ளாமை நன்றாக இருக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. வாடிப்போனால் அதைத் தீய குறியாகக் கொள்வர்.

ஆடும் முறை

முளை போட்ட நாளிலிருந்து ஊர்வலம் வரை ஒவ்வோர் இரவும் கும்மி நடைபெறும். வேலை முடிந்து, சமைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பிறகு பெண்கள் கோவில் முன் திடலிலோ முளைப்பாரி வீட்டு முற்றத்திலோ கூடுவர். முளை இருட்டறையில் இருக்கும் நாள்களில் வட்டத்தின் நடுவில் விளக்கையோ நிறைகுடத்தையோ வைப்பதுண்டு. இறுதி நாளில் வெளியே எடுக்கப்பட்ட முளைப்பாரிகளே நடுவில் இருக்கும்.

ஆட்டத்தின் அடிப்படை அசைவு ஒரு சில கூறுகளைக் கொண்டது. ஆடுபவர் ஓரடி முன்னே வைத்து, இடுப்பை வளைத்துக் குனிந்து, வட்டத்தின் உட்பக்கமாகக் கையைக் கொட்டுவார். பின்பு நிமிர்ந்து, உடலைச் சற்றே திருப்பி, வெளிப்பக்கமாக ஒரு கொட்டு. மீண்டும் அடுத்த அடி. இப்படிக் குனிந்தும் நிமிர்ந்தும் கொட்டிக்கொண்டே முழு வட்டமும் ஒரே திசையில் நகரும். வலமாக நகர்வதா இடமாக நகர்வதா என்பது ஊர் வழக்கத்தைப் பொறுத்தது.

கொட்டும் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு கொட்டு, இரண்டு கொட்டு, மூன்று கொட்டு எனப் பிரிப்பர். கொட்டும் விதமும் மாறும். விரல்களை மட்டும் தட்டினால் மெல்லிய ஒலி; உள்ளங்கைகளை விரித்துத் தட்டினால் கூர்மையான ஒலி; குவித்துத் தட்டினால் முழக்கமான ஒலி. தெய்வத்தை அழைக்கும் தொடக்கப் பாடலில் கொட்டு நிதானமாக இருக்கும். நேரம் செல்லச் செல்ல விரைவு கூடும். விரைவு உச்சத்தை எட்டியதும் குலவையிட்டு நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்குவர்.

வட்டம் என்ற வடிவம் இந்த ஆட்டத்தின் கற்பித்தல் முறையும் ஆகும். வரிசையில் நிற்பவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். வட்டத்தில் நிற்பவருக்கு எதிரே உள்ள அனைவரின் கையும் காலும் தெரியும். புதிதாக வந்த சிறுமியை நன்றாக ஆடத் தெரிந்த இருவருக்கு இடையில் நிறுத்துவர். அவள் எதிரே பார்த்து அசைவையும், பக்கத்தில் கேட்டுப் பாட்டையும் கற்றுக்கொள்வாள். தவறினாலும் ஆட்டம் நிற்காது. அடுத்த கொட்டில் அவள் சேர்ந்துகொள்ளலாம். முதல் இடம், கடைசி இடம் என்று எதுவும் இல்லாததால் யாரும் பின்னால் தள்ளப்படுவதும் இல்லை.

பாட்டும் யாப்பும்

நன்கு பாடத் தெரிந்த ஒருவர் ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவர். பாட்டைச் சொல்லிக் கொடுப்பவர் பெரும்பாலும் வயதில் மூத்தவர். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் நூற்றுக்கணக்கான அடிகளை நினைவில் வைத்திருப்பது அரிதன்று. 'தன்னானே' என்பது போன்ற பொருளற்ற ஒலிக்கோவை பல பாடல்களில் தொடக்கமாகவும் இடைநிரப்பாகவும் வரும். அந்த நேரத்தில் பாடுபவர் அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவரவோ புதிதாகக் கட்டவோ முடிகிறது.

கும்மிப் பாட்டின் நடை பெரும்பாலும் மூன்று மாத்திரை அளவில் துள்ளிச் செல்லும். வெண்டளை அமைந்த எழுசீர் அடிகள் இரண்டு, ஒரே எதுகை பெற்று வருவதைக் கும்மியின் இலக்கணமாக யாப்பு நூலார் கூறுவர். ஏழு சீருக்குப் பின் எட்டாம் சீர் இருக்க வேண்டிய இடத்தில் சொல் இல்லை. அந்த இடத்தைக் கைக்கொட்டோ, அடியை முடிக்கும் நீட்டலோ நிரப்புகிறது. அதாவது, இலக்கணத்தில் குறைவாகத் தெரியும் ஒரு சீர் ஆட்டத்தில் நிறைவு பெறுகிறது.

இந்த எளிய நடை மனத்தில் எளிதில் பதிவதால் புலவர்களும் கும்மியை எடுத்தாண்டனர். வள்ளலாருக்குப் பின் பாரதியார் 'பெண்கள் விடுதலைக் கும்மி' எழுதினார். 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பஞ்சம், வெள்ளம், கொலை வழக்கு, விடுதலைப் போராட்டம் போன்ற செய்திகள் கும்மிப் பாட்டாகச் சிறு நூல்களில் அச்சாகிச் சந்தைகளில் விற்கப்பட்டன.

பாடுபொருள்

முளைப்பாரிக் கும்மியில் பாடப்படும் பாடல்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

முதலாவது, அம்மனை அழைப்பதும் போற்றுவதும் ஆகும். இரண்டாவது, முளைப்பாரியின் வரலாற்றையே கூறும் பாடல்கள். குயவரிடம் சென்று சட்டி வாங்கியது, பயறு தேடிச் சென்றது, சாணம் அள்ளியது, வித்திட்டது, ஒவ்வொரு நாளும் முளை எவ்வளவு உயர்ந்தது என்று வேலையின் படிகள் அனைத்தும் வரிசையாகச் சொல்லப்படும். இவற்றைக் கேட்டாலே முளைப்பாரி வளர்க்கும் முறையைத் தெரிந்துகொள்ளலாம். செய்முறையை நினைவில் வைத்திருக்கப் பாட்டே ஏடாகப் பயன்பட்டுள்ளது.

மூன்றாவது, மழை வேண்டும் பாடல்களும் பஞ்சத்தைச் சொல்லும் பாடல்களும். நான்காவது, கோவலன் கண்ணகி கதை, நல்லதங்காள் கதை, இராமாயணம், அல்லி கதை போன்ற கதைப் பாடல்கள். ஐந்தாவது, கேலியும் குறையும். மாமியார், நாத்தனார், குடிக்கும் கணவன், கூலியைக் குறைக்கும் முதலாளி ஆகியோரைப் பெயர் சொல்லாமல் இடித்துப் பாடுவதற்குக் கும்மி வட்டம் இடம் தருகிறது. வீட்டில் நேராகச் சொல்ல முடியாததை இங்கே பாட்டாகச் சொல்லலாம். பாட்டில் வந்ததற்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை.

நாட்டுப்புறப் பாடல்கள் நூலாகத் தொகுக்கப்பட்டபோது இத்தகைய பாடல்கள் அச்சேறின. பெர்சி மக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 'மலையருவி' என்ற நூலாக 1958-இல் பதிப்பித்தார். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964-இல் வெளிவந்தது. அச்சில் சொற்கள் கிடைக்கின்றன. மெட்டும் கொட்டும் அடியும் ஆடுபவரின் உடலில்தான் உள்ளன.

ஊர்வலமும் கரைத்தலும்

இறுதி நாளில் முளைப்பாரிகளை வெளியே எடுத்துப் பூச்சூட்டி, பெண்கள் தலையில் சுமந்து ஊர்வலமாகக் கோவிலுக்குச் செல்வர். தவில், நாதசுரம், உறுமி, பறை போன்றவை இந்த ஊர்வலத்தில்தான் முழங்கும். கோவில் முன் முளைப்பாரிகளை இறக்கி, அவற்றைச் சுற்றி நெடுநேரம் கும்மி அடிப்பர். பின்பு ஆற்றிலோ கண்மாயிலோ வாய்க்காலிலோ கொண்டுபோய்க் கரைப்பர். பத்து நாள் காத்து வளர்த்ததை நீரில் விடும்போது சில பெண்கள் கண்கலங்குவதும் உண்டு. வித்து மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்புகிறது என்று இதற்குப் பெரியவர்கள் பொருள் சொல்வர்.

பிற ஆட்டங்களோடு ஒப்பீடு

கம்பம் பகுதியில் கும்மியோடு வேறு குழு ஆட்டங்களும் உள்ளன. ஆண்கள் கைக்குட்டை வீசி வரிசையாக ஆடுவது ஒயிலாட்டம். இராசகம்பளத்து நாயக்கர் சமுதாயத்தினர் உறுமி வகையைச் சேர்ந்த தேவதுந்துபியின் ஒலிக்கு ஆடுவது தேவராட்டம். இரண்டும் பயிற்சி பெற்ற குழுவினருக்கு உரியவை. கும்மியோ ஊர்ப் பெண்கள் அனைவருக்கும் பொதுவான ஆட்டம்.

கொங்கு நாட்டில் வழங்கும் வள்ளி ஒயில் கும்மி, வள்ளி முருகன் திருமணக் கதையைப் பாடி ஆடுவதாகும். அது நெடுங்காலம் ஆண்களின் ஆட்டமாக இருந்தது. அதில் பெண்களுக்கும் பயிற்சி அளித்த கோவை மாவட்டக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கேரளத்தின் திருவாதிரைக்களியில் பெண்கள் குத்துவிளக்கைச் சுற்றிக் கைகொட்டி ஆடுவர். தெலங்கானாவின் பதுக்கம்மாவில் அடுக்கிய பூக்கள் நடுவில் இருக்கும்.

குசராத்தின் கர்பா ஆட்டம் முளைப்பாரிக் கும்மிக்கு இன்னும் நெருக்கமானது. நவராத்திரி ஒன்பது இரவுகளும் விளக்கேற்றிய துளைப்பானையை நடுவில் வைத்து மக்கள் வட்டமாக ஆடுகின்றனர். அதே நாள்களில் வீட்டில் தானியம் முளைக்கவிட்டு இறுதியில் நீரில் விடும் வழக்கமும் அங்கு உண்டு. கர்பா 2023-இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பழைய கிரேக்க நாட்டிலும் பெண்கள் அடோனிஸ் என்ற தெய்வத்துக்காகக் கலங்களில் விரைவில் முளைக்கும் விதைகளை வளர்த்து, சில நாள்களில் நீரில் விட்டனர். வேளாண்மை செய்யும் மக்கள் பலரும் ஒருவரை ஒருவர் அறியாமலேயே இத்தகைய சடங்கை உருவாக்கிக்கொண்டனர் என்று கருத இடமுண்டு.

வட்டத்தின் உள்ளும் வெளியும்

கும்மி வட்டம் பெண்களைச் சமமாக நிறுத்துகிறது என்பது உண்மை. அந்த வட்டத்தில் யார் நிற்கலாம் என்பது வேறு கேள்வி. பல ஊர்களில் ஒவ்வொரு சமுதாயமும் தனித்தனியே திருவிழா எடுக்கிறது. அதனால் முளைப்பாரியும் தனி, கும்மித் திடலும் தனி. ஒரே பாட்டை, ஒரே மெட்டில், அடுத்தடுத்த தெருக்களில் வெவ்வேறு வட்டங்கள் பாடுவதைக் காணலாம். ஊர்ப் பொதுவில் ஒரே முளைப்பாரி எடுக்கும் ஊர்களும் இருக்கின்றன. மாதவிலக்குக் காலத்தில் பெண்கள் முளைப்பாரியை அணுகக் கூடாது என்ற கட்டுப்பாடும் உள்ளது. இதை ஏற்போரும் மறுப்போரும் இன்று உண்டு. கும்மியைப் பற்றி எழுதும்போது அதன் அழகோடு இந்தக் கோடுகளையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.

இன்றைய நிலை

முளைப்பாரி ஊர்வலம் குறையவில்லை. பல ஊர்களில் முன்பைவிடக் கூடுதலான முளைப்பாரிகள் எடுக்கப்படுகின்றன. குறைந்து வருவது அதற்கு முந்தைய இரவுகளின் கும்மியே. இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

ஒன்று, வேலை நேரம். கம்பம் பள்ளத்தாக்கின் ஆயிரக்கணக்கான பெண்கள் நாள்தோறும் விடியும் முன் ஜீப்பில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். மறுநாள் விடியலில் மீண்டும் கிளம்ப வேண்டியவருக்கு நள்ளிரவு வரை ஆடுவது எளிதன்று.

இரண்டு, முளைப்பாரியை விலைக்கு வாங்கும் வழக்கம். முளை வளர்ப்பதில் தேர்ந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து ஊர்வல நாளில் வாங்கிக்கொள்வது பல இடங்களில் பரவியுள்ளது. வேலைக்குச் செல்பவருக்கு இது வசதியானது. ஆனால் இரவுக் கும்மி, வீட்டு அறையில் வளரும் முளையோடு பிணைந்தது. இன்று எவ்வளவு முளைத்திருக்கிறது என்று பாடுவதற்கு, முளை அங்கே இருக்க வேண்டும். முளை வேறோர் இடத்தில் வளரும்போது ஒன்பது இரவுகளின் பாட்டுக்கு வேலையில்லாமல் போகிறது. இறுதி நாளின் ஒரு மணி நேரக் கும்மி மட்டும் எஞ்சுகிறது. ஒரு மணி நேரத்தில் சில பாடல்களையே பாட முடியும். மற்றவை நினைவில் தங்க வாய்ப்பில்லை.

மூன்று, ஒலிபெருக்கி. பதிவு செய்யப்பட்ட பாடல்கள் உரக்க ஒலிக்கும்போது சொல்லிக்கொடுப்பவரின் குரல் கேட்பதில்லை. பதிவின் வேகத்துக்கு ஏற்பக் கொட்ட வேண்டியிருப்பதால் மெதுவாகத் தொடங்கி விரைவு கூட்டும் முறையும் மறைகிறது.

மறுபுறம், பள்ளி, கல்லூரி மேடைகளில் கும்மி புதிய இடம் பெற்றுள்ளது. கும்மியைப் பார்த்திராத மாணவியருக்கு அது அறிமுகமாகிறது. மேடைக்கு வந்ததும் வடிவம் மாறுவதையும் கவனிக்கலாம். பார்வையாளர் ஒரே பக்கம் அமர்ந்திருப்பதால் வட்டம் அரைவட்டமாகத் திறக்கிறது. குனிந்து உள்நோக்கிக் கொட்டிய கை, பார்வையாளரை நோக்கி உயர்கிறது. ஒரே நிறச் சேலையும் ஐந்து நிமிட வரம்பும் வருகின்றன. இதைச் சீரழிவு என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஊர்த் திடல் கும்மியும் மேடைக் கும்மியும் வெவ்வேறு பயனுடையவை. ஆனால் மேடையில் பார்த்ததையே முழுக் கும்மி என்று கொண்டால், பாட்டைப் புதிதாகக் கட்டும் திறமும் குறையைப் பாடிச் சொல்லும் உரிமையும் கணக்கில் வராமல் போகும்.

பதிவு செய்வோர் கவனத்துக்கு

மாணவர்கள் தம் ஊர்க் கும்மியைப் பதிவு செய்ய விரும்பினால் கைப்பேசியே போதுமானது. முதலில் பாடுபவரிடம் அனுமதி பெற வேண்டும். பாட்டை அவர் யாரிடம் கற்றார், எந்த ஊரில் கற்றார் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். திருமணமாகி வந்த பெண்கள் பிறந்த ஊர்ப் பாட்டையும் கொண்டு வருவதால், ஒரே தெருவில் பல ஊர் மெட்டுகள் கலந்திருக்கும்.

பாட்டின் சொற்களைத் திருத்தாமல் ஒலித்தபடியே எழுத வேண்டும். எத்தனை கொட்டு, எந்தப் பக்கம் நகர்வு, எந்த இடத்தில் குலவை, எந்தப் பயறு, எத்தனை நாள், எந்த நீர்நிலையில் கரைத்தல் ஆகியவற்றையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். இயன்றால் ஆட்டத்தை வட்டத்துக்கு வெளியே சற்று உயரமான இடத்திலிருந்து ஒருமுறையும், வட்டத்தின் நடுவிலிருந்து ஒருமுறையும் படம் எடுக்கலாம். மொட்டை மாடியிலிருந்து எடுத்தால் வட்டத்தின் நகர்வும், நடுவிலிருந்து எடுத்தால் கொட்டும் கையும் தெளிவாகத் தெரியும். பதிவின் ஒரு படியைப் பாடியவருக்கே திருப்பிக் கொடுப்பது முறை. ஓர் ஊரில் எல்லாப் பாட்டும் அறிந்தவர் இரண்டு மூன்று பேரே இருப்பர். அடுத்த திருவிழாவுக்குச் சாமி சாட்டும் முன்பே அவர்களைச் சென்று பார்ப்பது நல்லது.